ஹோல்டர் எதிர் ஹியூமானிட்டேரியன் லா ப்ராஜெக்ட்: 2010 தீர்ப்பில் இருப்பது என்ன, பிறகு வந்த கோர்ட்டுகள் அதில் படித்தது என்ன?

#1 அடிக்குறிப்பு

பக்கத்து இழையில் ஒருவர், “தமிழருக்காகப் பேசுவதே குற்றம்னு அமெரிக்க சுப்ரீம் கோர்ட் 2010-லயே சொல்லிடுச்சு, அதுவும் நம்ம பேரவை போட்ட கேஸ்ல” என்று எழுதியிருந்தார். வாட்ஸ்அப்பிலும் இந்த வரி சுற்றிக்கொண்டே இருக்கிறது. அங்கே பதில் போட்டால் அந்த இழை திசைமாறும் என்பதால் இங்கே தனியாக ஆரம்பிக்கிறேன்.

முதலில் கேஸ். 1996-ல் வந்த சட்டத்தின்படி, அமெரிக்க வெளியுறவுத் துறை ‘வெளிநாட்டுப் பயங்கரவாத அமைப்பு’ என்று பட்டியலிட்ட ஒன்றுக்குத் தெரிந்தே ‘மெட்டீரியல் சப்போர்ட்’ கொடுத்தால் குற்றம். பணம், ஆயுதம் மட்டுமல்ல, பயிற்சி, நிபுணர் ஆலோசனை, ஆள், சேவை எல்லாம் அதில் வரும். 1997 அக்டோபரில் வந்த முதல் பட்டியலில் விடுதலைப் புலிகளும் குர்து மக்களின் பி.கே.கே.யும் இருந்தன. மறு ஆண்டே கலிஃபோர்னியா ஃபெடரல் கோர்ட்டில் வழக்கு. ஹியூமானிட்டேரியன் லா ப்ராஜெக்ட் என்ற மனித உரிமை அமைப்போடு இலங்கைத் தமிழ்ச் சங்கம், வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கப் பேரவை உட்படச் சில தமிழ் அமைப்புகளும் வாதிகள்.

அவர்கள் செய்ய விரும்பியது இவ்வளவுதான்: பன்னாட்டுச் சட்டத்தின் வழியாகப் பிரச்சினையைத் தீர்க்கச் சொல்லித்தருவது, ஐ.நா.வில் மனுக் கொடுக்கக் கற்றுத்தருவது, சுனாமி நிவாரணம் கேட்க உதவுவது, சமாதானப் பேச்சுக்குச் சட்ட ஆலோசனை தருவது. 2010 ஜூன் 21 அன்று 6-3 என்ற கணக்கில் தோற்றார்கள். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் தலைமை நீதிபதி ராபர்ட்ஸ். மறுத்து எழுதியவர் ப்ரையர். அவரோடு கின்ஸ்பர்க்கும் சோட்டோமேயரும்.

ஆனால் அதே தீர்ப்பில் ராபர்ட்ஸ் வெளிப்படையாக எழுதியிருப்பதைப் பாருங்கள். இந்த வாதிகள் எதைப் பற்றியும் என்ன வேண்டுமானாலும் பேசலாம், பி.கே.கே. பற்றியும் புலிகள் பற்றியும், துருக்கி, இலங்கை அரசுகளைப் பற்றியும் சுதந்திரமாக எழுதலாம். தடை, பட்டியலிட்ட அமைப்புக்காக, அதன் வழிகாட்டலில் அல்லது அதோடு ஒருங்கிணைந்து செய்வதற்கு மட்டும். வெறும் உறுப்பினராக இருப்பதைக்கூட இந்தச் சட்டம் தண்டிக்கவில்லை என்கிறார். தனித்து நின்று பேசுவதைத் தடுக்கும் சட்டம் வந்தால் அது செல்லும் என்று நாங்கள் சொல்லவில்லை, உள்நாட்டு அமைப்புகளுக்கு இதே தடையை நீட்டலாம் என்றும் சொல்லவில்லை என்று முடிவில் வேறு எழுதி வைத்தார்.

எனக்கு வேலை சட்ட அலுவலகத்தில் மேற்கோள் சரிபார்ப்பது. ஒரு மனுவில் பத்துத் தீர்ப்பு காட்டியிருந்தால், அந்தப் பக்கத்தில் அந்த வாதம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். இந்த 2010 தீர்ப்பு மேசைக்கு வந்துகொண்டே இருக்கிறது, ஒவ்வொரு தடவையும் வேறு வேலைக்கு. அதைப் பற்றிப் பேசலாம் என்றுதான்.

#2 டல்லாஸ்_பாண்டி

நல்ல இழை. ஆனா தோத்தது தோத்ததுதானே பாஸ்? இதுல “படிக்கிறது” என்ன இருக்கு?

இன்னொண்ணு. இதே கேஸ்ல ஒன்பதாவது சர்க்யூட் (கலிஃபோர்னியாவுக்கெல்லாம் மேலே இருக்கிற ஃபெடரல் அப்பீல் கோர்ட்) 2000-ல, ‘ஆள்’, ‘பயிற்சி’ங்கிற ரெண்டு வார்த்தையும் தெளிவில்லாம இருக்கு, அதனால செல்லாதுன்னு சொல்லியிருக்கே. கூகுள்ல முதல்ல அதுதான் வருது. அதைக் காட்டி வாதாட முடியாதா?

#3 அடிக்குறிப்பு

முடியாது பாண்டி. ஆனால் பலர் இடறுகிற இடமே அதுதான்.

ஒரே வழக்கு, ஆனால் ஒவ்வொரு அட்டர்னி ஜெனரலுக்கும் ஒரு பெயர். 2000-ல் ‘எதிர் ரீனோ’. 2004-ல் கீழ்க்கோர்ட்டில் ‘எதிர் ஆஷ்க்ராஃப்ட்’, பிறகு ‘எதிர் கொன்ஸாலஸ்’, 2007-ல் மீண்டும் ஒன்பதாவது சர்க்யூட்டில் ‘எதிர் முகேஸி’. சுப்ரீம் கோர்ட்டில் அரசும் மேல்முறையீடு செய்ததால் பெயர் திரும்பி ‘ஹோல்டர் எதிர்’ ஆனது. நடுவில் சட்டமே இரண்டு தடவை திருத்தப்பட்டது: 2001-ல் பேட்ரியட் சட்டம் ‘நிபுணர் ஆலோசனை’யைச் சேர்த்தது, 2004 டிசம்பரில் ‘ஆள்’, ‘பயிற்சி’ இரண்டுக்கும் விளக்கம் எழுதினார்கள். 2003-ல் மூன்று நீதிபதிகள் சொன்ன ஒரு தீர்ப்பை, 2004 திருத்தம் வந்த கையோடு அதே சர்க்யூட்டின் பெரிய அமர்வு ரத்து செய்தது. நீங்கள் பார்த்த 2000 தீர்ப்பு பேசுவது திருத்தத்துக்கு முந்தைய சட்டத்தைப் பற்றி. அதன்மேல் 2010 வேறு வந்து உட்கார்ந்துவிட்டது.

இப்படிப்பட்ட சிக்கலுக்காகத்தான் ஃப்ராங்க் ஷெப்பர்ட் என்பவர் 1873-ல், எந்தத் தீர்ப்பைப் பின்னால் எது தொட்டது என்று ஒட்டுத்தாளில் அச்சடித்து விற்க ஆரம்பித்தார். இன்றைக்கும் இங்கே வக்கீல்கள் “ஷெப்பர்டைஸ் பண்ணியாச்சா?” என்பார்கள். இப்போது அந்த வேலையை இணையத் தீர்ப்புத் தொகுப்புகள் செய்கின்றன: லெக்ஸிஸில் சிவப்பு, மஞ்சள் குறி. வெஸ்ட்லாவில் சிவப்புக் கொடி, மஞ்சள் கொடி. குறியைப் பார்த்துவிட்டு நின்றால் ஆபத்து. சிவப்பு இருந்தால் ஏதோ ஒரு அம்சம் போய்விட்டது என்று மட்டும்தான் பொருள். எந்த அம்சம் என்பதை உள்ளே போய்த்தான் பார்க்க வேண்டும். அதே தீர்ப்பின் வேறொரு பகுதி உயிரோடு இருக்கலாம்.

மறுபக்கமும் உண்டு. குறியே இல்லாத தீர்ப்பு நன்றாக இருக்கிறது என்று நினைப்போம். ஆனால் அதை அடுத்தடுத்த கோர்ட்டுகள் ‘இதன் உண்மைகள் வேறு’ என்று ஒதுக்கி ஒதுக்கியே ஒன்றுமில்லாமல் ஆக்கியிருப்பார்கள்.

#4 மாங்குளம் (டொராண்டோ)

அண்ணை, நான் சட்டம் படிச்ச ஆள் இல்லை. ஆனா இந்த வழக்கு நடக்கேக்க எங்கட சனம் எவ்வளவு பயந்தது எண்டு எனக்குத் தெரியும். 2009 மே மாதத்தோட எல்லாம் முடிஞ்சுது. 2010-ல தீர்ப்பு வந்தபோது “இனி இதால என்ன?” எண்டுதான் கனபேர் கேட்டவை.

எனக்கு ரெண்டு கேள்வி. புலிகள் தோற்றுப்போனதைத் தீர்ப்பு கணக்கில எடுத்ததோ? மற்றது, ராபர்ட்ஸ் அந்த எல்லையை எழுதி வைச்சார் எண்டு சொல்லுறியள். அதுக்குப் பிறகு எந்தக் கோர்ட்டாவது அந்த எல்லையை மதிச்சு ஆரையாவது காப்பாற்றினதோ? இல்லாட்டி அது சும்மா ஆறுதலுக்கு எழுதின வரியோ?

#5 அடிக்குறிப்பு

முதல் கேள்விக்கு: எடுத்தது. சமாதானப் பேச்சுக்கு ஆலோசனை தரும் பகுதி, புலிகளின் ராணுவத் தோல்விக்குப் பிறகு பொருளற்றுப் போனதாகத் தெரிகிறது என்று சொல்லிக் கடந்துபோனார்கள். அதனால் பெரும்பாலான அலசல் பி.கே.கே. பக்கம் சாய்ந்துவிட்டது. ஈழத்தமிழர் பெயரில் நினைவில் நிற்கிற கேஸ், உள்ளே அதிகம் பேசுவது குர்துகளைப் பற்றி.

இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. மதித்திருக்கிறார்கள், ஒரு இடத்தில் நன்றாகவே.

ஒரிகன் மாநிலத்தில் அல் ஹராமைன் என்ற சவூதி அறநிறுவனத்தின் கிளை. அரசு அதைப் பட்டியலிட்டது. அந்தக் கிளையோடு சேர்ந்து கூட்டறிக்கை வெளியிடவும் நிகழ்ச்சி நடத்தவும் உள்ளூர் அமைப்பு ஒன்று விரும்பியது. அரசு உடனே 2010 தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு வந்தது: ஒருங்கிணைந்த பேச்சு என்றாலே தடைதான் என்று. ஒன்பதாவது சர்க்யூட் ஒப்பவில்லை. அந்தத் தீர்ப்பு வெளிநாட்டு அமைப்பைப் பற்றியது, உள்நாட்டு அமைப்பு பற்றி நாங்கள் எதுவும் சொல்லவில்லை என்று சுப்ரீம் கோர்ட்டே எழுதியிருக்கிறது என்று காட்டி, தடை இங்கே பேச்சுரிமையைக் காக்கும் முதல் திருத்தத்துக்கு முரண் என்றது. 2011-ல் வந்து 2012-ல் திருத்திய தீர்ப்பு. ராபர்ட்ஸ் எழுதிய அந்த ஒரு வாக்கியம் இல்லாமல் இருந்திருந்தால் இந்த முடிவு வந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

எதிர்ப்பக்கம் முதலாவது சர்க்யூட்டின் மெஹன்னா வழக்கு, 2013. மாசசூசெட்ஸ்காரர், ஜிஹாதிப் பிரசுரங்களை மொழிபெயர்த்து இணையத்தில் போட்டார், அதற்கு முன் 2004-ல் யேமனுக்கும் போய் வந்தார். தண்டனை உறுதியானது. இதை எல்லோரும் “மொழிபெயர்ப்பதே குற்றம் என்று கோர்ட் சொல்லிவிட்டது” என்று எழுதுகிறார்கள். தீர்ப்பைத் திறந்து பாருங்கள். நீதிபதி செல்யா (அகராதி பக்கத்தில் இல்லாமல் அவரைப் படிக்க முடியாது) யேமன் பயணம் தொடர்பான சாட்சியமே தண்டனைக்குப் போதும் என்கிறார். மொழிபெயர்ப்புக்கான சாட்சியம் போதுமா என்ற கேள்விக்குள் கடைசிவரை போகவே இல்லை. தனித்து நின்று பேசுவது குற்றமல்ல என்று ஜூரிக்குச் சொல்லப்பட்டதைச் சரி என்றும் ஏற்றுக்கொண்டார். ஆக, அந்த எல்லை அங்கேயும் செத்துவிடவில்லை. ஒருங்கிணைப்பு என்றால் எவ்வளவு, யாரோடு, என்பதை மட்டும் யாரும் இன்னும் அளந்து சொல்லவில்லை. உங்கள் சனத்தின் பயம் வருவது அந்த அளவில்லாத இடத்திலிருந்துதான். அதைப் பொய்ப் பயம் என்று நான் சொல்ல மாட்டேன்.

#6 வைகைக்கரை

தம்பிகளா, நான் மதுரையில் பிராக்டிஸ் செய்து ஓய்ந்தவன். அமெரிக்கச் சட்டம் ஆழமாகத் தெரியாது. ஆனால் இந்த வியாதி எங்கேயும் ஒன்றுதான். குவின் எதிர் லெத்தம் என்று 1901-ல் ஒரு ஆங்கிலத் தீர்ப்பு. ஒரு வழக்கு எதை உண்மையில் தீர்மானித்ததோ அதற்கு மட்டுமே அது அதிகாரம், அதிலிருந்து தர்க்கப்படி பின்தொடர்வதாகத் தோன்றுவதற்கெல்லாம் அல்ல என்பது அதன் சாரம். நம் சுப்ரீம் கோர்ட்டும் ஒரிசா வழக்கு ஒன்றில் எடுத்தாண்டது. பெஞ்சில் இதைச் சொல்லாத சீனியர் கிடையாது. சொல்லிவிட்டு அடுத்த நிமிடமே ஹெட்நோட்டிலிருந்து (தீர்ப்பின் தலையில் பதிப்பாளர் போடும் சுருக்கம்) ஒரு வரியை வாசிப்பார்!

உங்கள் விஷயத்துக்கு நெருக்கமான ஒன்று சொல்கிறேன். தடைசெய்த அமைப்பில் வெறும் உறுப்பினராக இருப்பது குற்றமாகாது என்று 2011-ல் அரூப் புயான் வழக்கில் நம் சுப்ரீம் கோர்ட்டின் இரு நீதிபதி அமர்வு சொன்னது. ஆதாரமாக எல்ஃப்பிராண்ட், பிராண்டன்பர்க் போன்ற அமெரிக்கத் தீர்ப்புகள். 2023 மார்ச்சில் மூன்று நீதிபதி அமர்வு அதைக் கவிழ்த்தது. இரு நாட்டுச் சட்டங்களின் வேறுபாட்டைப் பார்க்காமல் அமெரிக்கத் தீர்ப்புகளை அப்படியே எடுத்தது தவறு என்பது ஒரு முக்கியக் காரணம். முடிவு சரியா என்பது வேறு விவாதம். எனக்கு 2011 முடிவுதான் பிடிக்கும். ஆனால் அந்தக் கண்டனத்தில் நியாயம் உண்டு.

சரி, அடிக்குறிப்புத் தம்பி, அமெரிக்காவில் கீழ்க்கோர்ட் மேல்கோர்ட்டின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கட்டுப்படுமா? இங்கே, சுப்ரீம் கோர்ட் சொல்லும் சட்டம் எல்லாக் கோர்ட்டையும் கட்டும் என்று 141-ஆவது சரத்து இருக்கிறது.

#7 செம்பருத்தி

ஐயாவுக்கு நானே சொல்லிவிடுகிறேன் (கலிஃபோர்னியாவில் சட்டம் படிக்கிறேன்). 141 மாதிரி எழுதி வைத்த சரத்து கிடையாது. தீர்மானத்துக்கு அவசியமாக இருந்த பகுதி கட்டும், மற்றது கட்டாது என்பது கொள்கை. நடைமுறையில், சுப்ரீம் கோர்ட் போகிற போக்கில் சொன்னதைக்கூட சர்க்யூட் நீதிபதிகள் மீற மாட்டார்கள். அதோடு 1989-ல் ரோட்ரிகெஸ் த கிஹாஸ் என்ற வழக்கில் ஒரு விதி சொன்னார்கள்: ஒரு பழைய தீர்ப்பின் அடித்தளம் வேறு தீர்ப்புகளால் அரிக்கப்பட்டிருந்தாலும், நேரடியாகப் பொருந்தும்வரை கீழ்க்கோர்ட் அதையே பின்பற்ற வேண்டும், கவிழ்க்கும் உரிமை சுப்ரீம் கோர்ட்டுக்கு மட்டும். ஜில்லா நீதிபதி ஒருவர் சொன்னது பக்கத்து அறை நீதிபதியைக்கூடக் கட்டாது.

இப்போது அடிக்குறிப்பு அண்ணாவிடம் சண்டைக்கு வருகிறேன். நீங்கள் எழுதப்போவது எனக்குத் தெரியும்: 2010 தீர்ப்பு ‘ஸ்ட்ரிக்ட் ஸ்க்ரூட்டினி’யைச் செய்ததாகச் சொல்லவில்லை, பின்னால் வந்தவர்கள் அந்த முத்திரையைக் குத்திவிட்டார்கள், அதுதானே? மற்றவர்களுக்காக: பேச்சின் உள்ளடக்கத்தைப் பார்த்துத் தடுக்கும் சட்டத்துக்கு வைக்கும் மிகக் கடுமையான சோதனை அது. அரசிடம் தவிர்க்க முடியாத காரணம் இருக்க வேண்டும், தேவைக்கு மேல் துளியும் தடுக்கக் கூடாது. சாதாரணமாகச் சட்டம் அதில் பிழைக்காது.

என் வாதம்: முத்திரை இல்லாவிட்டாலும் வேலை அதுதான். அரசு ‘நடுத்தரச் சோதனை போதும்’ என்று கேட்டதை ராபர்ட்ஸ் மறுத்தார். என்ன பேசுகிறார்கள் என்பதைப் பொறுத்தே குற்றம் அமைகிறது, ஆகவே இன்னும் கடுமையான அளவுகோல் வேண்டும் என்றார். 2014-ல் மெக்கல்லன் வழக்கில் (கருக்கலைப்பு மருத்துவமனை வாசலில் நிற்பதற்கான எல்லை) அவரே இதே பக்கத்தை எடுத்து, அங்கே பேச்சைப் பொறுத்தது, இங்கே நிற்கும் இடத்தைப் பொறுத்தது என்று பிரித்தார். 2015-ல் வில்லியம்ஸ்-யூலியில் (நீதிபதி வேட்பாளர் நேரில் நன்கொடை கேட்பது) ‘அரிதாகச் சில சட்டங்கள் இந்தச் சோதனையில் தேறும்’ என்று சொல்லி இதை உதாரணமாகக் காட்டினார். எழுதியவரே தன் தீர்ப்புக்கு இதுதான் பொருள் என்கிறார். அதில் என்ன திரிப்பு?

#8 அடிக்குறிப்பு

திரிப்பு என்ற சொல்லை நான் இன்னும் எழுதவே இல்லையே! ஆனால் சண்டைக்குத் தயார்.

எழுதியவர் என்ன நினைத்தார் என்பது தீர்ப்பு ஆகாது. அன்றைக்கு அவரோடு கையெழுத்திட்டவர்கள் ஐந்து பேர், அவர்களில் தாராளவாதி எனப்பட்ட ஸ்டீவன்ஸும் ஒருவர். ‘கடுமையான அளவுகோல்’ என்று மட்டும் எழுதி, எந்த அளவுகோல் என்று சொல்லாமல் விட்டதால்தான் அந்த ஆறு ஓட்டுகளும் சேர்ந்தே நின்றனவோ என்று எனக்கு ஒரு ஊகம். வெறும் ஊகம்தான். ஆனால் ஐந்து வருடம் கழித்து வில்லியம்ஸ்-யூலியில் 25 முதல் 39 வரை பக்கம் போட்டு மொத்தமாக அந்தப் பட்டியலில் சேர்த்தபோது, முன்பு இல்லாத ஒன்று நிலைபெற்றுவிட்டது. பதினைந்து பக்கத்துக்கு ஒரே மேற்கோள் போட்டால் சரிபார்க்கிறவனுக்கு வேலையே இல்லை, எங்கேயோ இருக்கும் என்று விட வேண்டியதுதான்.

அந்தப் பக்கங்களுக்குள் இருப்பதைப் பாருங்கள். 33, 34-ஆம் பக்கங்களில் அரசின் மதிப்பீட்டுக்குக் கோர்ட் மதிப்புக் கொடுக்கிறது: தேசப் பாதுகாப்பில் சாட்சியம் திரட்டி முடிவுக்கு வருவதில் நீதிமன்றத்துக்குத் திறன் குறைவு என்று. ஸ்ட்ரிக்ட் ஸ்க்ரூட்டினி என்றால் அரசின் சொல்லை நம்பாதே என்று அர்த்தம். ப்ரையரின் புகாரே அதுதான்: அரசின் காரணத்தைப் பெரும்பான்மை போதிய கவனத்தோடு சோதிக்கவில்லை.

இப்போது வேடிக்கை என்னவென்றால், பின்னால் வந்தவர்கள் தீர்ப்பை இரண்டாகப் பிளந்துகொண்டார்கள். என்ன பேசுகிறார்கள் என்பதைப் பொறுத்தே குற்றம் என்று சொல்லும் 27-ஆம் பக்கம் பேச்சுரிமைக்காரர்களுக்கு. 34-ஆம் பக்கம் அரசுக்கு. 2018-ல் பயணத் தடை வழக்கில், டிரம்ப் எதிர் ஹவாய், இந்த ‘திறன் குறைவு’ வரி வந்தது. அது பேச்சுரிமை வழக்கே அல்ல. 2025 ஜனவரி 17-ல் டிக்டாக் வழக்கில் மீண்டும் 34: அரசின் மதிப்பீட்டுக்குக் கணிசமான மரியாதை. அங்கே வைத்தது நடுத்தரச் சோதனை. ஆக, கடுமையான அளவுகோல் வேண்டும் என்று சொன்ன தீர்ப்பின் மென்மையான பாதி, தனியாகக் கழன்று வேறு ஊர்களில் குடியேறிவிட்டது.

உச்சம் 2025 ஜூன் 27. ஆபாசத் தளங்களுக்கு வயது சரிபார்ப்பு கேட்கும் டெக்சஸ் சட்டம், ஃப்ரீ ஸ்பீச் கோயலிஷன் எதிர் பாக்ஸ்டன். இந்தச் சட்டத்துக்கு ஸ்ட்ரிக்ட் ஸ்க்ரூட்டினி பொருந்தாது என்று காட்ட வேண்டும் நீதிபதி தாமஸுக்கு. எப்படிக் காட்டுகிறார்? அந்தச் சோதனை அவ்வளவு கொடியது, வழக்கமான முதல் திருத்த நெறிப்படி ஒரே ஒரு சட்டம்தான் அதில் பிழைத்தது என்கிறார். எது? நம் 2010 கேஸ். அதோடு நிற்காமல், அதுவும் வழக்கமான பிரயோகம் அல்ல, அரசின் மதிப்பீட்டுக்கு அங்கே இடம் கொடுத்தோம் என்றும் சேர்த்துக்கொள்கிறார். ராபர்ட்ஸும் அந்தப் பெரும்பான்மையில் இருக்கிறார்.

செம்பருத்தி, முத்திரை சரி என்று வைத்துக்கொண்டால்கூட, தாமஸ் எழுதிய அந்த இரண்டாவது வாக்கியம் என் பக்கம்தான்.

#9 செம்பருத்தி

அந்த வாக்கியத்தை நான் வேறு விதமாகப் படிக்கிறேன். ‘வழக்கத்துக்கு மாறான பிரயோகம்’ என்று சொல்வதே, பிரயோகம் நடந்தது என்று ஒப்புக்கொள்வது. இன்றைக்குத் தேதியில் ஆறு நீதிபதிகள் கையெழுத்திட்ட வரி இருக்கிறது. நாளைக்கு நான் மனு எழுதினால் ‘2010-ல் செய்தது ஸ்ட்ரிக்ட் ஸ்க்ரூட்டினி’ என்றுதான் எழுதுவேன், யாரும் தப்பு என்று சொல்ல முடியாது. உங்கள் 2010 படிப்பு வரலாற்றுக் கட்டுரைக்குச் சரி.

ஆனால் பிளந்துகொண்டார்கள் என்பதை ஏற்கிறேன். இன்னும் இரண்டு துண்டு விட்டுவிட்டீர்கள். ஒன்று, கைதாவதற்கு முன்பே கோர்ட்டுக்குப் போகும் உரிமை. யாரும் இவர்கள்மேல் வழக்குப் போடவில்லை. ஆனாலும் இந்தச் சட்டத்தில் சுமார் 150 பேர்மேல் வழக்கு இருக்கிறது, பயம் நியாயமானது என்று சொல்லிக் கேட்டார்கள். 2014-ல் சூசன் பி. ஆந்தனி லிஸ்ட் வழக்கில் இதைக் காட்டித்தான் ஒரு கருக்கலைப்பு எதிர்ப்பு அமைப்பு ஒஹையோ தேர்தல் சட்டத்தை எதிர்த்து உள்ளே வந்தது, ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில். தமிழ்ச் சங்கங்கள் தோற்ற கேஸ், பிறருக்குக் கதவு திறக்கும் சாவி ஆகிவிட்டது.

இரண்டு, தெளிவின்மை. உன் செயல் சட்டத்துக்குள் தெளிவாக விழுகிறது என்றால், அடுத்தவனுக்கு அது தெளிவில்லை என்று நீ சொல்ல முடியாது என்ற வரி. பேச்சோடு சம்பந்தமே இல்லாத குற்ற வழக்குகளில்கூட அரசு வக்கீல்கள் இதைத்தான் காட்டுகிறார்கள். 2015-ல் ஸ்காலியா ஜான்சன் வழக்கில், தெளிவாக விழும் சில செயல்கள் இருப்பதாலேயே ஒரு சட்டம் செல்லுபடியாகிவிடாது என்று எழுதிய பிறகு, இரண்டையும் எப்படிப் பொருத்துவது என்று சர்க்யூட்டுகள் இன்னும் திணறுகின்றன.

#10 டல்லாஸ்_பாண்டி

யப்பா. தலை சுத்துது, ஆனா நல்லாருக்கு.

ஒரு சந்தேகம். இப்பல்லாம் ஏஐ-கிட்ட கேட்டா “இந்தத் தீர்ப்பை இந்தக் கோர்ட் இப்படிச் சொல்லுச்சு”ன்னு அழகா கொடுக்குது. அதை வெச்சே முடிச்சிடலாமே?

#11 அடிக்குறிப்பு

2023 ஜூனில் நியூயார்க் ஃபெடரல் கோர்ட்டில் மாட்டா எதிர் அவியான்கா. ஏஐ கொடுத்த தீர்ப்புகளை வக்கீல்கள் அப்படியே மனுவில் போட்டார்கள். அப்படித் தீர்ப்புகளே கிடையாது. நீதிபதி கேஸ்டெல் 5,000 டாலர் அபராதம் போட்டார். இல்லாத தீர்ப்பையாவது ஐந்து நிமிடத்தில் பிடித்துவிடலாம். இருக்கிற தீர்ப்பை, இருக்கிற பக்கத்தோடு காட்டி, சொல்லாததைச் சொன்னதாக எழுதினால் பிடிப்பது கடினம். அதை ஏஐ வருவதற்கு முன்பே மனிதர்கள் நன்றாகச் செய்துகொண்டிருந்தோம்.

#12 மாங்குளம் (டொராண்டோ)

இன்னொரு தமிழ்ப் பெயரும் அமெரிக்கச் சுப்ரீம் கோர்ட்டில இருக்கெல்லோ. துரைசிங்கம் வழக்கு, 2020. எல்லை தாண்டி 25 யார் தூரத்தில பிடிபட்ட பெடியன். வானில கடத்தி அடிச்சவை எண்டு சொன்னதை அதிகாரி நம்பினவர், ஆனா அகதிக் கோரிக்கைக்கு அது காணாது எண்டு விட்டவர். அதையும் இப்ப எல்லாத்துக்கும் காட்டுகினம் எண்டு கேள்விப்பட்டன். உண்மையோ?

#13 செம்பருத்தி

உண்மை அண்ணா. இதை நான் எழுதுகிறேன், கல்லூரியின் இலவசச் சட்ட உதவி கிளினிக்கில் இதோடுதான் மல்லுக்கட்டுகிறோம்.

2020 ஜூன் 25, எழுதியவர் அலிட்டோ. ஒன்பதாவது சர்க்யூட் துரைசிங்கம் பக்கம் கொடுத்ததை மாற்றினார்கள். எல்லையில் பிடிபட்டவருக்கு, நாட்டுக்குள் *அனுமதிக்கப்படுவது* தொடர்பாக, காங்கிரஸ் சட்டத்தில் கொடுத்த உரிமை மட்டும்தான் என்றார்கள். இப்போது அரசு வக்கீல்கள் ‘அனுமதி’ என்ற அந்தச் சொல்லை விட்டுவிட்டு, எல்லையில் பிடிபட்டவருக்கு வேறு எந்த உரிமையும் இல்லை, ஜாமீன் விசாரணை இல்லாமல் அடைத்து வைக்கலாம் என்று வாதாடுகிறார்கள். ஜில்லா நீதிபதிகள் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறார்கள். சிலர் அரசின் படிப்பை ஏற்கிறார்கள். சிலர், அந்தக் கேஸில் அவர் காவலை எதிர்க்கவே இல்லை, அகதி மனுவை மறுபடி கேட்கச் சொன்னார், ஆகவே காவலைப் பற்றி அது ஒன்றும் தீர்மானிக்கவில்லை என்கிறார்கள். இரண்டாவது படிப்புதான் சரி என்பது என் கட்சி.

அந்தத் தீர்ப்புக்குள்ளேயே பழைய கேஸ் சண்டை ஒன்று உண்டு. 1953-ன் ஹெய்க்கிலா வழக்கு. அரசியல் சாசனம் கட்டாயப்படுத்தும் அளவுக்காவது நாடுகடத்தலில் ஹேபியஸ் (அடைத்து வைத்தது சட்டப்படியா என்று கோர்ட்டைப் பார்க்கச் சொல்லும் ஆட்கொணர்வு மனு) இருந்தே தீரும் என்று அது சொல்வதாக சோட்டோமேயர் படிக்கிறார். அந்தக் காலத் தீர்ப்புகள் சட்டப்பிரிவுக்குப் பொருள் சொன்னவை, சாசனத்தைப் பற்றியவை அல்ல என்கிறார் அலிட்டோ. அவர் கணக்குப்படி ஹேபியஸின் மையம் காவலிலிருந்து விடுதலை. துரைசிங்கம் கேட்டது விடுதலை அல்ல, இன்னொரு விசாரணை, ஆகவே மையத்துக்கு வெளியே.

இப்போது 2025 ஏப்ரல் 7-க்கு வாருங்கள். டிரம்ப் எதிர் ஜே.ஜி.ஜி., வெனிசுவேலாக்காரர்களைப் பழைய அந்நிய எதிரிகள் சட்டத்தில் நாடுகடத்திய விவகாரம். ‘வாதிகள் விடுதலை கேட்டார்களோ இல்லையோ, இது ஹேபியஸின் மையத்தில்தான் வருகிறது, ஆகவே அடைத்து வைத்திருக்கும் ஊரிலேயே போய் மனுப்போடு’ என்றது பெரும்பான்மை. துணைக்குக் கூப்பிட்டது யாரை? அதே ஹெய்க்கிலாவை!

#14 வைகைக்கரை

அடேயப்பா. 2020-ல் விடுதலை கேட்காததால் மையத்துக்கு வெளியே, 2025-ல் கேட்காவிட்டாலும் மையத்துக்கு உள்ளே. எங்கள் ஊர் பெஞ்சாவது “அந்தத் தீர்ப்பு அதன் உண்மைகளோடு அடங்கியது” என்று ஒரு வரி எழுதிவிட்டுத்தான் இதைச் செய்யும்.

#15 டல்லாஸ்_பாண்டி

ஓகே, நானே படிக்கிறேன். 2010 தீர்ப்பு எங்க கிடைக்கும்? ஏதோ சுருக்கம் மாதிரி முதல்ல ரெண்டு மூணு பக்கம் இருக்கே, அது போதுமா?

#16 அடிக்குறிப்பு

போதாது. அந்தச் சுருக்கம் நீதிபதிகள் எழுதியது அல்ல, தீர்ப்புகளைத் தொகுத்து வெளியிடும் கோர்ட்டின் ரிப்போர்ட்டர் அலுவலகம் தயாரிப்பது. அதன் தலையிலேயே பொடி எழுத்தில் அப்படித்தான் போட்டிருக்கும், 1906-ன் டெட்ராய்ட் டிம்பர் வழக்கைக் காட்டி. 1886-ல் சான்டா கிளாரா ரயில்வே வழக்கில் ரிப்போர்ட்டர் முன்குறிப்பில் எழுதியதை வைத்துத்தான், கம்பெனிகளும் 14-ஆவது திருத்தத்தின்கீழ் ‘நபர்’ என்று கோர்ட் தீர்மானித்துவிட்டதாகப் பின்னால் வந்தவர்கள் மேற்கோள் காட்டினார்கள். தீர்ப்பின் உடலில் அந்தக் கேள்விக்குள் போகவே இல்லை.

சுப்ரீம் கோர்ட் தளத்தில் வழக்கு எண் 08-1498 என்று தேடுங்கள். 09-89 என்று இன்னொரு எண்ணும் இருக்கும், அது வாதிகள் போட்ட மனு; தீர்ப்பு ஒன்றுதான். நாங்கள் இங்கே சொன்ன 27, 34 எல்லாம் தொகுக்கப்பட்ட 561-ஆவது தொகுதியின் பக்கங்கள். அந்தத் தொகுதி தொடங்குவதே இந்தக் கேஸோடுதான். தீர்ப்பு வந்த அன்று வெளியான தனிப் பிரதியை இறக்கினால் பக்க எண் மாறும், அதில் 34-ஐத் தேடிவிட்டு இல்லை என்று இங்கே வந்து சண்டை போடாதீர்கள். ப்ரையரின் மறுப்பையும் சேர்த்துப் படியுங்கள், அது தனியாக எண்ணிடப்பட்டு பின்னால் இருக்கும்.